முக்கால் மணி நேரத்தில் கூத்தா?

பாகூரான்:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்தவராம். புதுச்சேரியில் எங்கள் பாகூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கியிருக்கிறார். சாயங்காலம் அந்தத் தோப்பிலேயே தெருக்கூத்து. ஆளுக்கு 600 ரூபாய், மொத்தம் 45 நிமிடம். கடைசியில் எழுதுகிறார்: "எங்களைப் போன்ற பொறுப்புள்ள பயணிகள் வருவதால்தான் இந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது."

45 நிமிடம்! என் அப்பா முப்பது வருஷம் துரியோதனன் வேடம் கட்டியவர். ராத்திரி எட்டு மணிக்கு முகத்தில் வண்ணம் பூச உட்காருவார். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். பத்து மணிக்கு மேல்தான் களத்துக்கு வருவார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு முதலில் சலங்கை மட்டும்தான் கேட்கும். அப்புறம் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் யார் வருவது என்று கேட்பான், உள்ளேயிருந்து பாட்டில் பதில் வரும், முகவீணை என்ற ஊதுகுழல் இழுக்கும். துரியோதனன் அந்தத் திரையை விட்டு வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும். விடிந்து கட்டை அவிழ்க்கும்போது தோளில் கயிற்றுத் தடம் கன்றிப் போயிருக்கும், அம்மா விளக்கெண்ணெய் தடவுவார். இதை 45 நிமிடத்தில் பார்த்துவிட்டு உயிர் கொடுத்தேன் என்கிறார்களே!

பயணப்பை:
அதை எழுதியவர் நானில்லை. ஆனால் அன்று நானும் அந்தத் தோப்பில் உட்கார்ந்திருந்தேன், அதனால் சொல்கிறேன். கூத்து தொடங்குவதற்கு முன்னால் வாத்தியார் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். குழந்தைகளைக் கூப்பிட்டுக் கிரீடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு வயது 41. அதற்கு முன் வாழ்க்கையில் நான் கூத்தே பார்த்ததில்லை. வேறு எங்கே போய்ப் பார்த்திருப்பேன்? கோயில் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடியோடு சரி. மீதி மாதங்களில் அந்தக் கலைஞர்கள் சித்தாள் வேலைக்கும் அறுப்புக்கும் போகிறார்கள். இது அவர்களுக்கு ஒரு வருமானம். உங்களுக்கு அதில் என்ன கோபம்?

பாகூரான்:
வருமானத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. 45 நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறேன். பதில் சொல்லுங்கள்.

திண்ணை:
ஒரு சின்னக் கேள்வி. பொறுப்புள்ள சுற்றுலா என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். அது என்ன? உள்ளூர்க்காரன் கையில் காசு போய்ச் சேருவதா, கலை மாறாமல் இருப்பதா, இரண்டுமா? முதலில் அதைப் பேசிக்கொண்டால் நல்லது.

கெடிலக்கரை:
பாகூரான் அண்ணே, சிதம்பரத்தில் 1981-லிருந்து மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது. எங்கிருந்தெல்லாமோ வந்து ஆடுகிறார்கள். ஒரு குழுவுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அது பரதம் இல்லை என்று யாராவது சொன்னார்களா? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விழாவை எப்படி நடத்த வேண்டும் என்று தெரியும். உங்கள் பக்கம்தான் எதை எடுத்தாலும் பஞ்சாயத்து.

பாகூரான்:
பரதத்தையும் கூத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நாட்டியாஞ்சலியில் ஆடுகிறவர் நடராசருக்கு ஒரு காணிக்கையாக ஆடுகிறார், ஒரு பதம் ஆடினாலும் அது முழுமையாக நிற்கும். கூத்து அப்படியில்லை. எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி அதே கதை கூத்தாக வரும். அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் நிஜமாகவே தபசு மரத்தில் ஏறுவார், மேலே இருந்து எலுமிச்சம்பழம் போடுவார், குழந்தை இல்லாத பெண்கள் கீழே முந்தானை விரித்து நிற்பார்கள். துரியோதனன் சாகும் படுகளத்தன்று மண்ணில் அவன் உருவத்தைச் செய்து படுக்க வைத்திருப்போம். அது முடிந்தால்தான் தீமிதி. ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது. அதிலிருந்து 45 நிமிடத்தைக் கத்தரித்துத் தோப்பில் வைத்தால் அது என்ன?

முத்தியால்பேட்டை:
நான் புதுச்சேரி ஊருக்குள் ஒரு பழைய வீட்டில் இரண்டு அறையை விருந்தினர்களுக்கு விடுகிறேன். திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் தாத்தா கட்டியபடியே இருக்கிறது. பாகூரான் அண்ணா மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் வருகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை. காலையில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியின் மஞ்சள் சுவர்கள் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மத்தியானம் கிளம்பிவிடுவார்கள். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில் முகப்புகளைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், அங்கே நானே நடத்திக் கூட்டிப் போய்க் காட்டினால்தான் உண்டு. வில்லியனூருக்கு அனுப்பினால் புவிசார் குறியீடு வாங்கிய சுடுமண் பொம்மைக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுகிறார்கள். இந்த மாதிரி ஆட்களை விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்கார வைப்பீர்களா? 45 நிமிடம் உட்கார்ந்ததே பெரிது.

பாகூரான்:
அக்கா, உட்கார முடியாதவர்களுக்காகக் கூத்தைக் குறைக்க வேண்டுமா? அப்படிக் குறைத்தால் அதற்குக் கூத்து என்று பெயர் வைக்காதீர்கள். அறிமுகம் என்று சொல்லுங்கள், மாதிரி என்று சொல்லுங்கள். 45 நிமிடம் கூத்து ஆகாது.

சுரபுன்னை:
நான் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்காரன். கூத்தை விடுங்கள், எங்கள் கதையைக் கேளுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று ராம்சர் அந்தஸ்து கிடைத்ததிலிருந்து கூட்டம் கூடுகிறது. படகுத்துறையைச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கால்வாயில் எங்கள் இருளர் மக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போடுவார்கள். படகில் வருகிறவர்கள் பக்கத்தில் வந்து, இன்னொரு தடவை கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்று படம் எடுக்கிறார்கள். சத்தத்தில் இறால் ஓடிப்போகும். ஒரு கிலோ இறால் வாங்கிப் போகலாம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றாது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது தர்காவில் மரியாதை செய்வார்கள். அந்த நாளில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், யாரும் டிக்கெட் கேட்கப்போவதில்லை.

கெடிலக்கரை:
நல்ல பதிவு தம்பி. அந்தத் தில்லைக்காட்டைப் பாதுகாக்க வேண்டியது நம் எல்லோருக்கும் கடமை. சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களைக் காப்பாற்றிய காடு அது.

சுரபுன்னை:
மறுபடியுமா? போன வருஷமே சொன்னேன். தில்லை வேறு, சுரபுன்னை வேறு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, அது சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம். தண்ணீருக்கு மேலே காலூன்றி நிற்கிற வேர் சுரபுன்னையுடையது. படகில் போகிறவர்கள் படம் எடுப்பது அதைத்தான். மாவட்டப் பெருமை பேசுகிறவர் மரத்தின் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

கெடிலக்கரை:
தில்லை மரமும் அங்கே இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

சுரபுன்னை:
இருக்கிறது. காடு முழுக்கத் தில்லை என்று நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள்.

பயணப்பை:
விஷயத்துக்கு வருவோமா? அன்று தோப்பில் கிட்டத்தட்ட முப்பது பேர் இருந்தோம். எல்லோரும் 600 கொடுத்தோம். கூத்து முடிந்ததும் நான் தனியாகத் தட்டில் 500 வைத்தேன். ஒரு சாயங்காலத்தில் இவ்வளவு பணம் ஊருக்குள் வந்திருக்கிறது.

சுரபுன்னை:
18,000 ரூபாய். விடுதிக்காரர் வைத்துக்கொண்டது எவ்வளவு, ஆடினவர்களுக்குப் போனது எவ்வளவு? அதை விசாரித்தீர்களா? இந்தத் திரியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பாகூரான்:
பணம் எப்படியும் பிரிந்து போகும். நான் முதல் பதிவில் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. 45 நிமிடத்தில் எந்தக் கதையை முடித்தார்கள்? பதினெட்டாம் போரையா? துரியோதனன் குளத்தில் ஒளிவதும், பீமன் வந்து கூப்பிடுவதும், தொடை பிளப்பதும், பாஞ்சாலி கூந்தல் முடிவதும் 45 நிமிடத்தில் நடந்ததா?

பயணப்பை:
ஆமாம், பதினெட்டாம் போர்தான். பாஞ்சாலி கூந்தல் முடியும் இடத்தில் என் மனைவி அழுதாள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பாகூரான்:
நல்ல மனசு, அழுதிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு அதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஊரே தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும் நேரம் அது.

கெடிலக்கரை:
புதுச்சேரிக்காரர்களுக்குப் பழையதை இடிப்பது ஒன்றும் புதிதில்லை. 1758-ல் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் எங்கள் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தது யார்? தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை. 1746-லிருந்து 1752 வரை ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்த கோட்டை. இன்றைக்கு அது இருந்திருந்தால் சுற்றுலா எங்கள் பக்கம் வந்திருக்கும்.

முத்தியால்பேட்டை:
1761-ல் ஆங்கிலேயர் எங்கள் ஊரைத் தரைமட்டமாக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனோடு போட்ட சண்டைக்கு நீங்கள் ஏன் எங்களிடம் கணக்குக் கேட்கிறீர்கள்?

கெடிலக்கரை:
கணக்கு என்றால் எல்லாக் கணக்கையும் பேசுவோம். பாகூரான் அண்ணே, அந்தத் தோப்பில் ஆடிய குழுவின் வாத்தியார் உங்களுக்குச் சித்தப்பா மகன்தானே? இரண்டு வருஷமாக அவரோடு பேச்சில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். இதை ஏன் மறைத்தீர்கள்?

பாகூரான்:
மறைக்கவில்லை. ஆமாம், சித்தப்பா மகன். என் அப்பாவிடம் தொழில் கற்றவன். அப்பா கட்டிய கிரீடம்தான் இன்றைக்கும் அவன் தலையில் இருக்கிறது. அதனால்தான் வயிறு எரிகிறது. வேறு யாரோ ஆடியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அப்பா கடைசிக் காலத்தில் குரல் போய்ப் படுத்திருந்தபோதும் ராத்திரிக் கூத்துச் சத்தம் கேட்டால் விரலால் கட்டிலில் தாளம் போடுவார். அவரிடம் போய் 45 நிமிடம் என்று சொல்லியிருந்தால் அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

திண்ணை:
என் கேள்வி மேலே அப்படியே இருக்கிறது.

முகவீணை:
அந்தக் குழுவில் ஊதுகிறவன் நான். இவ்வளவு பேர் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அன்று எங்களுக்குக் கிடைத்தது 4,500 ரூபாய். ஏழு பேர். தட்டில் விழுந்தது தனி. குறைவுதான், வாத்தியார் விடுதிக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்குக் கட்டட வேலையும் இல்லை. போன கார்த்திகையில் இந்தத் தோப்புக் காசில்தான் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தின் பாதியைக் கட்டினேன். பெரியவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்களே, பெரியவர் மகன் வங்கி வேலைக்குப் போனார், கிரீடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள்தான் தூக்குகிறோம். போன வருஷம் உங்கள் கோயிலிலேயே ஒரு நாள் கூத்தை நிறுத்திவிட்டு இன்னிசைக் கச்சேரி வைத்தார்கள். அன்றைக்கு நீங்கள் ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை?

பாகூரான்:
கச்சேரி வைத்தபோது கூட்டத்திலேயே எழுந்து சண்டை போட்டேன், கேட்டுப் பார். நான் வங்கிக்குப் போனது அப்பா சொல்லித்தான், அதை இதில் இழுக்காதே. உன் மகள் படிப்பதில் எனக்கும் சந்தோஷம், விடுதிக்காரர் உங்கள் பங்கைக் கூட்டித்தான் தர வேண்டும். ஆனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. துரியோதனனைத் திரைக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்?

முகவீணை:
ஆறு நிமிடம்.

பாகூரான்:
ஆறு நிமிடம்!

பயணப்பை:
எனக்கு அந்த ஆறு நிமிடம் போதுமாக இருந்தது. சலங்கைச் சத்தத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

பாகூரான்:
உங்களுக்குப் போதும். துரியோதனனுக்குப் போதாது. அவன் திரைக்குப் பின்னால் நின்று தன் தொண்ணூற்றொன்பது தம்பிகளையும் அத்தினாபுரத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதற்குள் அவன் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆறு நிமிடத்தில் வெளியே வருகிறவன் யாரோ கிரீடம் வைத்த ஆள்.

முத்தியால்பேட்டை:
அடுத்த மாதம் என் வீட்டுக்கு நான்கு பேர் வருகிறார்கள். மூன்று இரவு தங்குகிறார்கள். பங்குனிக் கூத்துக்கு அனுப்பட்டுமா? முழு ராத்திரியும் உட்கார வைக்கிறேன், பாய் நான் தருகிறேன். ஆனால் அவர்கள் கோயிலுக்குள் செருப்போடு வந்தால் யாரும் என்னைத் திட்டக் கூடாது.

பாகூரான்:
அனுப்புங்கள். டிக்கெட் கிடையாது. ஆனால் நடுவில் எழுந்து போனால் நான் மறுபடியும் எழுதுவேன்.

முகவீணை:
டிக்கெட் கிடையாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆடுகிறவர்கள் நாங்கள்.

பாகூரான்:
கோயில் கூத்துக்கு என்றைக்குடா டிக்கெட் வைத்தார்கள்?

முகவீணை:
டா போடாதீர்கள் அண்ணே. முப்பது பேர் முன்னால் என்னை மரியாதையாக உட்கார வைத்தார்கள்.

கெடிலக்கரை:
சுரபுன்னை தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் வருகிறேன். தில்லை மரம் எந்தக் கால்வாய்க் கரையில் இருக்கிறது என்று நானே காட்டுகிறேன்.

சுரபுன்னை:
வாருங்கள். துடுப்புப் படகில் வாருங்கள். இறால் வாங்கப் பையும் எடுத்து வாருங்கள்.