கடல் அறிவியலைப் படமாகச் சொல்லும் வேலை: எதில் தொடங்குவது?

தென்கடல்:
எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடிக்கப்போகிறேன், ராமநாதபுரம் பக்கம். ஆய்வை மக்களுக்குப் படமாகக் காட்டும் வேலைக்குப் போக ஆசை. முதலில் கேமரா வாங்கவா, ஸ்கூபா படிக்கவா?

பாசிப்படுகை:
ஸ்கூபா அப்புறம். கடல்தாழையும் (கடற்புல்) கரையோரப் பாரும் (பவளப்பாறை) ஸ்நார்கல் ஆழத்திலேயே, அதாவது மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்க்கும் ஆழத்திலேயே இருக்கின்றன. 15 மீட்டர் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி சின்னக் கேமரா போதும். ரா கோப்பாகவே (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் வகை) எடுங்கள். சிவப்பின் பெரும்பகுதியை முதல் 5 மீட்டருக்குள்ளேயே தண்ணீர் தின்றுவிடும், ஜேபெக்கில் அதை மீட்பது கஷ்டம்.

கேமராவோடு வரும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்சுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். ஒரு முழத்துக்குள் நெருங்கி எடுப்பதே மருந்து. பிறகு தனி ஃபிளாஷ் வாங்கினால் அதைத் தாங்கும் கம்பியை அகல நீட்டி, ஃபிளாஷின் முகத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

கேமராக் கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். கரையேறியதும் திறக்காமல், நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்த பிறகே திறக்கவும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கும், வாடையில் (வடகிழக்குக் காற்று) வடகடலான பாக் விரிகுடா. அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

வலம்புரி:
அனுமதியை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் அங்கே ட்ரோன் ஆசையே வேண்டாம்.

தென்கடல்:
நன்றி அண்ணா. வரைபடத்தில் தமிழ் லேபிள் போட்டால் போட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதே?

வலம்புரி:
பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும், பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வேண்டாம். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லையே இல்லை.

பாசிப்படுகை:
வேலை கேட்கும்போது நூறு படம் அனுப்பாதீர்கள். ஒரே பவளத்தை, ஒரே கோணத்தில், அளவுகோல் வைத்து மாதம் ஒருமுறை எடுத்த ஆறு படம் அதைவிடப் பேசும். படக்குறிப்பில் இனம், இடம், ஆழம், தேதி நான்கும் இருக்க வேண்டும். வெளிறிய பவளத்தை 'செத்துப்போனது' என்று எழுதிவிடாதீர்கள். உள்ளிருக்கும் பாசிதான் வெளியேறியிருக்கிறது, சூடு தணிந்தால் தேறலாம். உண்மையிலேயே செத்ததன்மேல் இழைப்பாசி படர்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாத குறிப்போடு போனால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வாளர்கள் அடுத்தமுறை கூப்பிடமாட்டார்கள்.