ஒரு லிட்டர் குவளை, பத்துப் பேர் மேசை

ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு நான் செய்த தவறு, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த ஊரின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டுக்குச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போனேன். திடலுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, எளிதாகப் போய்விட்டேன். ஆனால் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கியும் எல்லா வாசலிலும் கதவடைப்பு. உட்கார இடம் இல்லாதவருக்கு உள்ளே பீரும் தர மாட்டார்கள். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

அலுவலகத்தில் சொன்னபோது சிரித்தார்கள். வேலை நாளில் காலையில் போக வேண்டுமாம். அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு 11 மணிக்கே போய் நின்றேன். முந்தைய வாரம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத அதே கூடாரம் பாதி காலியாகக் கிடந்தது. பத்துப் பேர் அமரும் மேசையில் ஒரு வயதான தம்பதி மட்டும். "இங்கே இடம் காலியா?" என்று, எனக்குப் பிழையில்லாமல் வரும் ஒரே ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னேன். பெரியவர் பதில் பேசாமல் பெஞ்சில் அரையடி நகர்ந்தார். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் வரவேற்பு என்றால் அவ்வளவுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

குவளைக்கு 'மாஸ்' என்று பெயர், கொள்ளளவு ஒரு லிட்டர். வெறும் கண்ணாடியே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். பணிப்பெண் நிறைந்த குவளைகள் பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கணக்குப் போட்டால் ஒரு அரிசிச் சிப்பத்தின் எடை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கவில்லை, ஓடினார். மேசையில் வைத்த கையோடு காசு வாங்கிக்கொண்டு அடுத்த நடை. (2025-இல் ஒரு மாஸ் 14.50 யூரோவில் தொடங்கி 15.80 வரை விற்றது. அதற்கு மேல் பணிப்பெண்ணுக்குச் சில்லறை.)

சியர்ஸ் சொல்லிப் பெரியவரின் குவளையில் என் குவளையின் விளிம்பை இடிக்கப் போனேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அடிப்பகுதிதான் தடிமன், அங்கேதான் இடிக்க வேண்டும். மேலே இடித்தால் உடையும். இடிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், குவளையைப் பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால்? ஏழு ஆண்டுக்குத் துரதிர்ஷ்டம் என்றார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். துரதிர்ஷ்டம் எந்த அறையில் என்று அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

அவர்கள் தட்டில் ஒரு வெள்ளை முள்ளங்கி, திருகாணி போல ஒரே சுருளாக அறுக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாள் சுருளை விரித்து இடையிடையே உப்புத் தூவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் எடுக்கப் போனபோது "பொறு, அது அழட்டும்" என்றார். ஐந்து நிமிடத்தில் தட்டில் நீர் கோத்தது. காரம் இறங்கிப்போய், மொறுமொறுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. முப்பது ஆண்டுகள் முள்ளங்கியைச் சாம்பாரில் மட்டுமே பார்த்தவனுக்கு அது வேறு காய்.

அளவுக்கோடு என்று ஒன்று குவளையில் பொறித்திருக்கிறது. என்னுடைய இரண்டாவது குவளையில் நுரை அடங்கியபோது பீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. நான் வாய் திறக்கவில்லை. பெரியவர் எழுந்து, குவளையைத் தானே கொண்டுபோய் நிரப்பி வாங்கி வந்தார். இப்படிக் குறைத்து ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே இருக்கிறது.

மாலை ஆறு மணிவரை பித்தளை வாத்தியம்தான், அதையும் 85 டெசிபலுக்கு மேல் வாசிக்கக் கூடாது. ஆறுக்குப் பிறகு பெஞ்ச் மேல் ஏறி ஆட்டம். தம்பதி ஐந்தே முக்காலுக்கு எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் அந்த முன்பகுதிதான் பிடிக்கிறது.

* * *

மேலே எழுதிய நண்பர் மியூனிக்கோடு நிறுத்திவிட்டார். நான் ஸ்டுட்கார்ட் பக்கம். எங்களுக்கு நெக்கர் ஆற்றங்கரையில் கான்ஸ்டாட் திருவிழா இருக்கிறது, அதுவும் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். மியூனிக் விழா 1810-இல் ஓர் இளவரசரின் கல்யாணத்தில் பிறந்தது. மணப்பெண் தெரேசாவின் பெயரைத்தான் அந்தத் திடலுக்கு வைத்தார்கள். எங்கள் விழா பஞ்சத்தில் பிறந்தது. 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல், பயிர் அழுகி, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். பிறகு விளைச்சல் திரும்பியதும் உழவர்களை ஊக்கப்படுத்த அப்போது எங்கள் பகுதியை ஆண்ட மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818-இல் தொடங்கியது இது. திடல் நடுவே பழங்களும் தானியங்களும் கட்டி அலங்கரித்த உயரமான தூண் இன்றும் நிற்கிறது. நம் அறுவடைப் பொங்கல் ஞாபகம் வராமல் இருக்காது. கூட வந்த ஜெர்மன் நண்பர்கள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் அனுபவம் பெருமைக்குரியது அல்ல. விழா பீர் ஏறக்குறைய 6 சதவீதம். சாதாரண பீரைவிடக் கொஞ்சம் கூடுதல். நாக்குக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீர் போல இறங்கும். மதியம் சாப்பிடாமல் போய் இரண்டு மாஸ் முடித்தேன். நேராக நடந்து, நிதானமாக டிக்கெட் எடுத்து, எஸ்1 ரயிலில் ஏறி உட்கார்ந்தவரை எல்லாம் சரி. நான் இறங்க வேண்டியது போப்ளிங்கன். கண் விழித்தபோது ஹெரென்பெர்க், கடைசி நிலையம். ஓட்டுநர் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலிலும் தூங்கிவிடுவேனோ என்ற பயத்தில் நின்றுகொண்டே வந்தேன். முதல் குவளைக்கு முன்னால் அரைக் கோழி, குறைந்தபட்சம் ஒரு பெரிய பிரெட்ஸல் (முடிச்சு வடிவ உப்பு ரொட்டி). இதில் சமரசம் வேண்டாம்.

* * *

குடிக்காதவள் எழுதுகிறேன், இடம் உண்டா? மியூனிக்கில் பழைய விழாவைப் போலவே அமைத்த 'ஓய்டே வீஸ்ன்' என்ற தனிப்பகுதி பெரும்பாலான ஆண்டுகளில் திடலின் தெற்குப் பக்கம் இருக்கும். விழாவின் 200-ஆம் ஆண்டான 2010-இல் முதன்முதலில் போட்டார்கள். அதற்கு மட்டும் சில யூரோ கட்டணம். பழைய குடைராட்டினங்களும் நாட்டுப்புற நடனமுமாக அங்கே ஒரு நாள் போவதே தெரியாது. ஆல்கஹால் இல்லாத பீரும் அதே ஒரு லிட்டர் குவளையில்தான் வருகிறது. நான் ஏன் குடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிற அளவில் பத்தில் ஒரு பங்கு விசாரணைகூட இல்லை.

பவேரியப் பெண்களின் மரபு உடையான டிர்ண்டல் கவுனை வாடகைக்கு எடுத்திருந்தேன். முன்துணியின் நாடாவைப் பாவாடை நாடா போல இறுக்கி, முடிச்சைப் பின்னால் போட்டுவிட்டேன். கழிப்பறை வரிசையில் ஒரு பாட்டி என் தோளைத் தட்டி, எதுவும் கேட்காமல் முடிச்சை அவிழ்த்தார். "கல்யாணம் ஆகிவிட்டதா?" ஆமாம் என்றேன். வலப்பக்கம் அழகாக ஒரு பூ முடிச்சுப் போட்டுவிட்டார். இடப்பக்கம் போட்டால் தனியாள். பின்னால் போட்டால் பணிப்பெண், அல்லது விதவை. காலையிலிருந்து மூன்று பேர் என்னிடம் பீர் கேட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் கணவர் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும். தோழியின் நாடாக் கதையை அலுவலகத்தில் சொன்னேன், ஒரே சிரிப்பு.

பை கொண்டு போகலாமா, குவளையைக் கொண்டு வரலாமா என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பை 3 லிட்டர் கொள்ளளவுக்கு மேல் இருந்தால் திடலுக்குள் விட மாட்டார்கள். மடிக்கணினிப் பையோடு அலுவலகத்திலிருந்து நேராகப் போகாதீர்கள். குவளையை நினைவாக எடுத்து வரலாமா என்றால், கூடாது, அது திருட்டு. வாசலில் காவலர்கள் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் குவளைகளைப் பறிமுதல் செய்கிறார்கள். விலைக்கே கிடைக்கிறது, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். நான் வாங்கிய குவளையில் இப்போது என் மனைவி கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறார். அளவுக்கோடு வரைக்கும் சரியாக ஒன்பது கரண்டிகள் பிடிக்கும்.