மறு: கிளியா செல்லுக்குத் தமிழ்ச்சொல் – 'பசை' வேண்டாம், 'சூழணு' எனலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூளையிலும் நரம்புகளிலும் நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் கிளியா செல்லுக்கு 'நரம்புப் பசையணு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் பேச்சு சாய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கிரேக்க மூலத்துக்குப் பசை என்று பொருள் என்பது உண்மைதான். 1856-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 'நியூரோகிளியா' என்று பெயரிட்டபோது, நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடுக்கை நிரப்பும் ஒருவகைச் சாந்து என்றுதான் அதைக் கருதினார். அன்றைய நுண்ணோக்கிக்கு அவ்வளவுதான் எட்டியது. கிரேக்கம் அறியாதவருக்கு இன்று 'கிளியா' வெறும் பெயர். அதற்குள் இருக்கும் பசை அவர் கண்ணில் படுவதில்லை. தமிழில் 'பசை' என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் உடனே விளங்கிவிடும். ஆகவே விர்க்கோவின் பழைய கருத்து, பிற மொழிகளில் இருப்பதைவிடத் தமிழில் அழுத்தமாகப் பதியும். அதைத்தான் அஞ்சுகிறேன்.

நரம்பு காயப்படும்போது இந்தச் செல்கள் செய்வதைப் பாருங்கள். கையில் ஒரு நரம்பு அறுபட்டால், அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள ஆக்சான் (நரம்பணுவின் நீண்ட இழை) சிதைகிறது. அகஸ்டஸ் வாலர் என்ற ஆய்வாளர் 1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு சொன்ன சிதைவு இது. ஆக்சான் அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் (ஒருவகைக் கிளியா) மடிவதில்லை. ஆக்சானுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றும் வேலையை விட்டுவிட்டுப் பழுது பார்க்கும் செல்களாக மாறுகின்றன. சிதைந்த மயலினைத் தாமும் செரிக்கின்றன, விழுங்கு செல்களையும் வரவழைக்கின்றன. பிறகு வரிசையாக நின்று, புதிதாக முளைக்கும் ஆக்சானுக்குத் தடம் அமைக்கின்றன. அந்தத் தடத்தில் ஆக்சான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. இதைச் செய்யும் உயிருள்ள செல்லைப் பசை என்று எப்படி அழைப்பது?

தண்டுவடத்தில் நிலைமை வேறு. அங்கே மயலின் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற வேறொரு கிளியா செல். அந்த மயலினிலுள்ள நோகோ என்ற புரதம் ஆக்சான் வளர்ச்சியைத் தடுக்கிறது. காயத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற விண்மீன் வடிவக் கிளியா செல்கள் அடர்ந்து தழும்பாகின்றன. டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் 1981-இல் எலிகளின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் புற நரம்புத் துண்டு ஒன்றால் இணைத்தார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட மைய நரம்பு ஆக்சான்கள் அந்தத் துண்டுக்குள் நீண்டு வளர்ந்தன. ஆக்சானுக்கு வளரும் திறன் இருந்தது. சுற்றியிருந்த சூழல்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் தழும்பு பகையா? நெடுங்காலம் அப்படித்தான் கருதினார்கள். 2016-இல் சோஃப்ரோனியூ என்ற ஆய்வாளரின் குழுவினர் சுண்டெலிகளில் அந்தத் தழும்பே உருவாகாமல் தடுத்துப் பார்த்தபோது ஆக்சான் மேலும் வளர்ந்துவிடவில்லை. அழற்சி பரவாமல் அணைகட்டுவதும் அதே தழும்புதான். ஒரே செல், இடத்தையும் காலத்தையும் பொறுத்து உதவவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது.

இதனால்தான் செயலை வைத்துப் பெயரிடும் மற்ற பரிந்துரைகளும் எனக்கு நிறைவளிக்கவில்லை. 'பேணணு' அழகான சொல், ஆனால் தண்டுவடக் காயத்தில் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ('நரம்புப் பேணி' என்று சுருக்கினால் யாழ்ப்பாணத்தவர் தகரக் குவளையை நினைப்பார்கள்.) 'துணையணு' என்பதில் துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்ற கீழ்நிலைப் பொருள் ஒட்டிக்கொள்கிறது. பிறப்பை வைத்தும் பெயரிட முடியாது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியா மற்றக் கிளியா செல்களோடு பிறப்பதில்லை; கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குக் குடிவருகிறது.

இவை அனைத்துக்கும் பொதுவாக மிஞ்சுவது இருக்கும் நிலைதான். ஷ்வான் செல் ஆக்சானைச் சுருண்டு சூழ்கிறது. ஒலிகோடென்ட்ரோசைட் பல ஆக்சான்களின் துண்டுகளைச் சூழ்கிறது. ஆஸ்ட்ரோசைட் நரம்பிணைப்பையும் நுண்குருதிக் குழாயையும் சூழ்கிறது. மைக்ரோகிளியா தன் நுண்கிளைகளை நீட்டி மடக்கிச் சுற்றுப்புறத்தை ஓயாமல் துழாவுகிறது. எனவே 'சூழணு' என்று முன்மொழிகிறேன். சுற்றமும் சூழும், பகைப்படையும் சூழும்; தமிழில் இந்த வினை இரண்டுக்கும் இடம் தருவதால், காயத்தின்போது இந்தச் செல்கள் காட்டும் இரு முகத்தையும் தாங்கும்.

அணு என்பது இயற்பியல் சொல்லாயிற்றே என்று ஒருவர் கேட்கக்கூடும். சிவப்பணு, விந்தணு, நரம்பணு எல்லாம் வேரூன்றிவிட்டன; நரம்பணுவுக்கு இணையாகச் சூழணு நிற்பது மாணவருக்கு எளிது. செல்லைக் கலம் என்று வழங்கும் இலங்கை நண்பர்கள் 'சூழ்கலம்' என்றே ஆளலாம், வேர் மாறாது. 'சூழ்ச்சி' நினைவுக்கு வருமே என்ற தயக்கம் தேவையில்லை; சுற்றுச்சூழலில் யாரும் சூழ்ச்சியைக் காண்பதில்லை.

கிளைச்சொற்கள் எளிதாக அமையாத கலைச்சொல் நிலைப்பதில்லை. ஆஸ்ட்ரோசைட்டை விண்மீன் சூழணு என்றும், ஒலிகோடென்ட்ரோசைட்டைச் சில்கிளைச் சூழணு என்றும் சொல்லலாம். மைக்ரோகிளியா நுண்சூழணு ஆகும். ஷ்வான் என்ற அறிஞரின் பெயரை நீக்க வேண்டாம், ஷ்வான் சூழணு போதும். கிளியா செல்லில் தோன்றும் கட்டியான கிளியோமா, சூழணுக் கட்டி. காயத் தழும்பு சூழணுத் தழும்பு.

எனக்கு இன்னும் பிடிபடாதது, காயத்துக்குக் கிளியா செல்கள் காட்டும் எதிர்வினையான 'கிளியோசிஸ்'. சூழணுப் பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவது மட்டும்தான் தெரியும். செல் பருத்துத் தன் இயல்பையே மாற்றிக்கொள்வது விடுபட்டுப்போகும். 'சூழணுக் கிளர்வு' என்று எழுதிப் பார்த்தேன். நோய்க்குறியியல் படித்தவர்கள் இதைப் பார்த்து, பொருந்துமா என்று சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்