இந்தியா இன்னும் வளரும் நாடுதானா? அந்தப் பட்டியலை எழுதியது யார்?

குன்னூர்_குரூப்2
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கைடில், தனிநபர் வருமானத்தை வைத்து உலக வங்கிதான் வளரும் நாடுகளைத் தீர்மானிக்கிறது என்று இருக்கிறது. இன்னொன்றில் மனித மேம்பாட்டுக் குறியீடு என்று போட்டிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் கேட்டால் ஐ.நா. பட்டியல் என்கிறார்கள். எது சரி? நம்மை இந்தப் பட்டியலில் முதலில் சேர்த்தது யார்? நம் நீலகிரிக் குழுவில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அருவங்காட்டான்
எது சரி என்பது இருக்கட்டும் தங்கச்சி, இந்தப் பட்டம் நமக்கு இன்னும் எதற்கு? நான் திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உலகின் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று ஒரு பக்கம் பெருமை பேசுகிறோம், 2023இல் நிலவின் தென்பகுதியில் கலம் இறக்கினோம். ஆனால் உலக வணிக அமைப்பில் போய் உட்கார்ந்ததும் நாங்கள் வளரும் நாடு, எங்களுக்குச் சலுகை கொடுங்கள் என்கிறோம். தென் கொரியா 2019 அக்டோபரிலேயே இனி வரும் பேச்சுவார்த்தைகளில் அந்தச் சலுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு பிரேசிலும் சொன்னது. 2025 செப்டம்பரில் சீனாவும் புதிய சலுகைகளைக் கேட்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. நாம் மட்டும் இன்னும் கையேந்த வேண்டுமா?

கூடலூர் டீச்சர்
முதலில் அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், சண்டை அப்புறம்.

ஒரே வரையறை என்று ஒன்று கிடையாதும்மா. ஒவ்வொரு அமைப்பும் தன் வேலைக்குத் தகுந்த மாதிரி ஒரு கோடு போட்டது, அதனால்தான் கைடுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் நாடுகளின் சங்கம் உருவானபோது, தோற்ற வல்லரசுகளின் காலனிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்து, இந்த மக்களால் இன்னும் தாமாக நிற்க முடியாது என்று எழுதி, வென்றவர்களின் பொறுப்பில் விட்டார்கள். 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாகப் பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வோம் என்றார். நாம் சுதந்திரம் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பின்தங்கியவர்கள் வரிசையில் நம்மையும் நிறுத்தியாகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை, கைடில் வராத பாகம் இனிமேல்தான். 1964இல் ஜெனீவாவில் ஐ.நா.வின் வணிகம், வளர்ச்சி பற்றிய மாநாடு நடந்தது, அதுதான் அங்டாட். அதன் முடிவில், ஜூன் 15 அன்று, 77 நாடுகள் ஒன்றுசேர்ந்து நாங்கள் வளரும் நாடுகள் என்று கூட்டறிக்கை கொடுத்தன. அதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது, யாரும் அவர்களை அளந்து பார்த்துச் சேர்க்கவில்லை. அந்த மாநாட்டின் தலைமைச் செயலர் ரவுல் பிரெபிஷ், அர்ஜென்டினாக்காரர். அவருடைய வாதம் நம்ம தேயிலைக்காரர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும்: ஏழை நாடுகள் விற்பது தேயிலை, காப்பி, சணல், தகரம், வாங்குவது இயந்திரம். காலம் போகப் போக, அதே இயந்திரத்தை வாங்க இன்னும் அதிகத் தேயிலை விற்க வேண்டியிருக்கிறது. அதனால் வணிகத்தில் எங்களுக்குத் தனி விதி வேண்டும் என்று கேட்டார்கள். 1968இல் அடுத்த மாநாடு நம்ம டெல்லியில் நடந்தபோதுதான், வளரும் நாடுகளின் சரக்குக்குக் குறைந்த இறக்குமதி வரி என்ற ஏற்பாடு கொள்கையளவில் ஒத்துக்கொள்ளப்பட்டது. தம்பி அருவங்காட்டான், இதற்குப் பெயர் கையேந்துவது இல்லை. சங்கம் வைத்துக் கூலி உயர்வு கேட்பது.

தேர்வுக்கு: உலக வங்கி என்றால் தனிநபர் மொத்த தேசிய வருமானம். இன்றைக்கு இருக்கும் நான்கு பிரிவுக்கான வரம்புகள் 1989இல் வந்தன. 2025 ஜூலைக் கணக்கில் 1,135 டாலர் வரை குறைந்த வருமானம், 4,495 வரை கீழ் நடுத்தரம், 13,935 வரை மேல் நடுத்தரம், அதற்கு மேல் உயர் வருமானம். நாம் 2007 வருமானக் கணக்கிலிருந்து கீழ் நடுத்தரத்தில் இருக்கிறோம். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்றால் 1990இல் மஹபூப் உல் ஹக் கொண்டுவந்த மனித மேம்பாட்டுக் குறியீடு, ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது, அதற்குப் பின்னால் அமர்த்தியா சென்னின் சிந்தனையும் உண்டு. 2025 அறிக்கையில் 193 நாடுகளில் நமக்கு 130ஆவது இடம். உலக வணிக அமைப்பில் அளவுகோலே கிடையாது, நாடே தன்னை அறிவித்துக்கொள்ளும். கேள்வி எந்த அமைப்பைச் சொல்கிறதோ அதைப் பார்த்து எழுது.

கேத்திப்பாலாடா
டீச்சர் சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் ஒரு நாட்டின் மொத்த வருமானத்தைத் தலையால் வகுத்து வரும் ஒரு எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையா? பாக்டரியில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிறார்களே, அது தூளின் அளவைத்தான் சொல்லும், டம்ளரில் ருசி எப்படி என்று சொல்லாது. இந்த டாலர் வரம்பும் ஒரு சல்லடைதான். என் அம்மா காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பேரப்பிள்ளையைக் கிளப்பிவிட்டு, அப்புறம் கேரட் கழுவப் போவார். கேரட் கழுவிய கூலி மட்டும்தான் நாட்டு வருமானம், மீதி எதுவும் கணக்கில் இல்லை. உலக வங்கியே 2016இல் தன் புள்ளிவிவரத் தொகுப்பில் வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற பிரிவைக் கைவிட்டுவிட்டது. ஐ.நா. புள்ளியியல் பிரிவும் 2021 டிசம்பரில் தன் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. பட்டியல் போட்டவர்களே கைகழுவிய பிறகு நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

கூடலூர் டீச்சர்
வீட்டுக்கென்று விளைவித்துச் சாப்பிடும் காய்கறி மதிப்பிட்டுக் கணக்கில் சேரும். சமையலும் பிள்ளை வளர்ப்பும்தான் சேராது. உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு வெள்ளைக்காரன் நம்மைத் தாழ்த்தக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். தாதாபாய் நவ்ரோஜி 1870களிலேயே இந்தியனின் ஆண்டு வருமானம் சராசரியாக 20 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சிறைக் கைதிக்குப் போடும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவே அதைவிட அதிகம் என்று ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த எண்ணை முதலில் ஆயுதமாக எடுத்தது நாம்.

தூக்கிப் போடுங்கள் என்கிறீர்கள். நம் மாவட்டமே ஒரு பட்டியலில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் வந்தது, தமிழ்நாட்டில் நீலகிரிக்கு. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தனி நிதியை எந்த உரிமையில் கேட்டிருப்போம்?

கேத்திப்பாலாடா
மாவட்டத்துக்கு வந்தது, சரி. மாவட்டத்துக்குள் யாருக்கு என்பதுதான் என் கேள்வி. தோட்டத்து லைன் வீடும் பங்களாவும் ஒரே சராசரியில் அடங்கிவிடுகின்றன.

நுவரெலியா பேரன்
நான் கோத்தகிரிப் பக்கம். 1964 என்று டீச்சர் எழுதியதும் கை நின்றுவிட்டது. அதே வருடம் அக்டோபரில்தான், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் யாருக்கு எந்த நாடு என்று முடிவு செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், எங்கள் தாத்தா பாட்டி தலைமேல் விழுந்தது. ஜெனீவாவில் இந்தியாவும் இலங்கையும் ஒரே அணியில் நின்று தேயிலைக்கு நியாய விலை கேட்டன. ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தேயிலையைப் பறித்தவர்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்தன. எந்தப் பட்டியலைப் பற்றிப் பேசினாலும் எனக்கு இது இல்லாமல் ஓடாது.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள், இந்தக் கோடு வெறும் காகிதம் இல்லை என்று புரியும். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தியது. தலைக்கு வருமானம் 4,060 டாலர், அந்த ஆண்டின் கோடு 3,996. அடுத்த ஜூலையில் வருமானம் 4,020, கோடு 4,046. கோட்டைத் தொட இருபத்தாறு டாலர் குறைவு, நாடு மறுபடியும் கீழே. இந்த இறக்கத்தால் யார் வீட்டு அடுப்பும் அன்றைக்கே அணைந்துவிடவில்லை. ஆனால் 1997இல் குறைந்த வருமான வகுப்பைத் தாண்டிய பிறகு மலிவு வட்டிக் கடன் படிப்படியாகச் சுருங்கியது. 2007இலிருந்து வெளிச் சந்தையில் டாலர் பத்திரம் விற்று அதிக வட்டிக்குக் கடன் வாங்க ஆரம்பித்தார்கள். 2022 ஏப்ரலில் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி சலுகைக் கடன் வரிசையில் நிற்கும் நிலைமை. ஆட்சியாளர்கள் செய்த கூத்துகள் இதில் நிறைய, மறுக்கவில்லை. வரி குறைத்தது, உரத்தை நிறுத்தியது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் வகுப்பு ஏறினால் வட்டியும் ஏறும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். மலையகத்தில் இன்னும் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த வருடம் மாவு வாங்கவே அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அருவங்காட்டான்
நுவரெலியா பேரன் அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கும் பொருந்தும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு விதி, அந்தப் பக்கம் போனால் வேறு விதி என்றால் வியாபாரமே கோணலாகிவிடுகிறது. திருப்பூரில் வந்து பாருங்கள். ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலில் வங்கதேசம் 1975இலிருந்து இருக்கிறது. அதனால் 2001இலிருந்து ஐரோப்பாவுக்கு வரியே இல்லாமல் பனியன் அனுப்புகிறார்கள். அதே நூல், அதே தையல், நம் சரக்குக்கு வரி கட்டித்தான் இத்தனை வருடம் உள்ளே போனது. வாங்குபவர் விலை பேசும்போது ஒரு உருப்படிக்குச் சில சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் டாக்காவுக்குப் போய்விடும். கோத்தகிரி, கூடலூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் திருப்பூரில் தைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆக, வளரும் நாடு என்ற பட்டத்தால் நமக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்காவும் 2019 ஜூனில் நமக்கு இருந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சம்.

கூடலூர் டீச்சர்
தம்பி, வங்கதேசம் இருக்கும் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1971இல் ஐ.நா. பொதுச்சபை அதைத் தொடங்கியபோது மூன்று அளவு வைத்தார்கள்: தலைக்கு 100 டாலர் அல்லது அதற்குக் கீழான உற்பத்தி, மொத்த உற்பத்தியில் தொழிற்சாலைப் பங்கு 10 சதவீதத்துக்குள், வயது வந்தோரில் எழுத்தறிவு 20 சதவீதத்துக்குள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு சுமார் 34 சதவீதம், அப்போதே நாம் அதில் அடங்கவில்லை. 1991இல் 7.5 கோடி மக்கள்தொகைக்கு மேல் உள்ள நாடு புதிதாகச் சேர முடியாது என்று ஒரு விதியும் போட்டார்கள். தகுதி இருந்தும் எங்களுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று மறுத்த நாடுகளும் உண்டு, கானா அதில் ஒன்று. நாடு சம்மதித்தால்தான் சேர்ப்பார்கள். மானமா சலுகையா என்ற உங்கள் கேள்வியை அவர்கள் நமக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். பூட்டான் 2023இல் வெளியே வந்தது, வங்கதேசத்துக்கு 2026 நவம்பர் என்று நாள் குறித்தார்கள்.

பெயர் மட்டும் மிச்சம் என்றீர்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. கூடலூரில் கொஞ்சம் வயல் இருந்தது, அதை விட்டால் இந்த மலையில் நெல் ஏது? ரேஷன் கடைக்குச் சமவெளியிலிருந்து லாரி ஏறி வரும் அரிசிதான். மழைக்காலத்தில் மண் சரிந்து லாரி ஒரு நாள் தாமதமானாலும் எங்கள் தெருவில் கையில் பையோடு பெண்கள் கடை வாசலில் நிற்பார்கள். அந்த அரிசியை அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுத்து வாங்குகிறது. உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தப்படி இது மானியம். 1986-88 காலத்து விலையை அடிப்படையாக வைத்து அந்த மானியத்தைக் கணக்கிடுகிறார்கள். வளரும் நாட்டுக்கு அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம், வளர்ந்த நாட்டுக்கு 5தான். 2018-19 நெல் கணக்கில் நாம் பத்தையும் தாண்டிவிட்டோம். அப்போது நம்மைக் காப்பாற்றியது 2013இல் பாலியில் நடந்த உலக வணிக அமைப்பு மாநாட்டில் வாங்கிய பாதுகாப்பு விதி, யாரும் வழக்குப் போட முடியாது என்பது. அது வளரும் நாடுகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் பனியனுக்கு உதவாத அதே பெயர் எங்கள் தெருவின் அரிசிக்கு உதவுகிறது.

கொரியாவை உதாரணம் காட்டினீர்கள். அங்கேகூட அறிவிப்பு வந்ததும் முதலில் எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் விவசாயிகள். தலைக்கு முப்பதாயிரம் டாலர் தாண்டிய நாடு அது. நாம் மூவாயிரத்தைத் தொடவில்லை.

கேத்திப்பாலாடா
அரிசி விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது, படித்தேன். ஆனாலும் கேட்கிறேன். 1964இல் கேட்டது தேயிலைக்கு விலை. 1976இல் நைரோபியில் அங்டாட் போட்ட மூலப்பொருள் திட்டத்திலும் தேயிலை இருந்தது. இன்றைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை போட்டால்தான் ஒரு கிலோ தூள், அந்தப் பச்சைத் தேயிலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கும் உரத்துக்குமே பத்தவில்லை. மழை நாளில் எடை போடும் இடத்தில் ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்வது வாங்குபவர். விற்பவன் எட்டிப் பார்த்துத் தராசு முள்ளைப் படிக்கக்கூட இடம் கிடைக்காது. அறுபது வருடமாக வளரும் நாடு என்ற அணியில் நின்று, தேயிலைக்காரனுக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம்?

நுவரெலியா பேரன்
அண்ணா, இதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அணியை விட்டு வந்தால் அந்த விலை ஏறும் என்று நம்ப ஒரு காரணமும் தெரியவில்லை. இந்தியா, இலங்கை, கென்யா மூன்றும் அதே பட்டியலில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் விலை குறைத்து விற்கிறார்கள். சங்கம் என்றார் டீச்சர். சங்கத்து ஆட்களே போட்டி போட்டுக் கூலியைக் குறைத்துக்கொண்டால் சங்கத்தைக் கலைப்பது எப்படித் தீர்வாகும்?

அருவங்காட்டான்
டீச்சர், அரிசிக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, எங்கள் வீட்டிலும் ரேஷன் அட்டை இருக்கிறது. ஆனால் அரிசிக்காக வைத்திருக்கும் பெயரைச் சொல்லி மருந்துக்கும் இரும்புக்கும் மென்பொருளுக்கும் சேர்த்துச் சலுகை கேட்பது சரியில்லை. எது எது வேண்டும் என்று துறைவாரியாக நாமே எழுதிக் கொடுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். யாரோ வந்து கோடு போடும்வரை காத்திருக்கக் கூடாது.

கூடலூர் டீச்சர்
துறைவாரியாக எழுதலாம் தம்பி. எழுத உட்காரும் மேஜையில் எதிரே இருப்பவர்கள் தங்கள் விவசாய மானியத்தை முதலில் கீழே வைக்கட்டும். அதற்கு முன்னால் நம் பெயரை நாமே அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், அரிசிக்குப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.