நேபாளத்தில் பத்து நாள்: பெற்றோருடன் மூன்று நகரங்களும் முக்திநாத்தும் (ஆலோசனை தேவை)

கொங்குநாடன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் என் பெற்றோரும் பத்து நாள் நேபாளம் சென்றுவர எண்ணியிருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. மேல்நிலைப்பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் மல்ல மன்னர்கள் கட்டிய அரண்மனைகளையும் கோயில்களையும் நேரில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு 63 வயது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் நிலவுலகில் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஒரே தலம் சாளக்கிராமம், அதாவது முக்திநாத், என்பதால் அதைச் சேவித்தே ஆகவேண்டும் என்று உறுதியாக இருக்கிறார். அவருக்கு மூட்டுவலி உண்டு. இதய நோயோ ஆஸ்துமாவோ இல்லை.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் காத்மாண்டு சேர்வது. இரண்டாம் நாளே வாடகைக் காரில் காத்மாண்டு, பாடன், பக்தபூர் ஆகிய மூன்று நகரங்களையும் பசுபதிநாதர் கோயிலையும் பார்த்து முடிப்பது. பின்பு சித்வான் காட்டில் ஒரு நாள், புத்தர் பிறந்த லும்பினியில் ஒரு நாள், பொக்காராவில் இரண்டு நாள், அங்கிருந்து ஒரே நாளில் முக்திநாத் சென்று திரும்புவது, பிறகு காத்மாண்டு வந்து விமானம் ஏறுவது. எழுதிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே பட்டது. ஆனால் நேற்று இரவு அப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "மூன்று தலைநகரங்களுக்கு ஒரு நாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து எனக்கும் ஐயம் வந்துவிட்டது.

முக்திநாத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்வது பாதுகாப்பானதா, பொக்காராவுக்குச் சாலை வழியா விமானமா, அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் வாக்காளர் அட்டை போதுமா என்பவற்றையும் சென்றுவந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைச்சாரல்:

வணக்கம். நான் மூன்று முறை நேபாளம் சென்றிருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலவே ஒரே நாளில் மூன்று நகரங்களையும் பார்த்து, எதையும் பார்க்காதவனாகத் திரும்பினேன். உங்கள் அப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அந்த மூன்றும் ஒரே நகரத்தின் மூன்று பகுதிகள் அல்ல. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், யட்ச மல்லர் மறைந்தபின், அவருடைய ஆட்சிப்பகுதி பிரிந்து மூன்று தனி அரசுகளாயிற்று. ஒன்றுக்கொன்று சில மணி நேர நடைத் தொலைவிலிருந்த அந்த அரசுகள், பிருத்வி நாராயண் ஷா 1768, 1769 ஆண்டுகளில் அவற்றைக் கைப்பற்றும் வரை, போரில் மட்டுமல்லாமல் கோயில் கட்டுவதிலும் சன்னல் செதுக்குவதிலும் ஒன்றையொன்று விஞ்ச முயன்றன. அதனால்தான் இத்தனை சிறிய பள்ளத்தாக்கில் மூன்று அரண்மனைச் சதுக்கங்கள் இருக்கின்றன. 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்த மூன்றோடு சுயம்புநாத், பௌத்தநாத், பசுபதிநாதர், சாங்கு நாராயண் ஆகிய நான்கையும் சேர்த்து ஏழு இடங்களை ஒரே பட்டியலில் வைத்தார்கள். அப்பாவுக்காகக் குறைந்தது நான்கு நாளாவது பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள்.

என்னுடைய முக்கியமான ஆலோசனை, காத்மாண்டில் அறை எடுக்காமல் விமான நிலையத்திலிருந்து நேரே பக்தபூர் சென்று அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள் என்பதுதான். பகலில் வரும் சுற்றுலாக் கூட்டம் மாலை ஐந்து மணிக்குமேல் வண்டி ஏறிப் போய்விடும். அதன் பிறகு தௌமாடி சதுக்கத்தில் இருக்கும் ஞாதபோல கோயிலின் படிகளில் உட்கார்ந்து பாருங்கள். 1702இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய ஐந்தடுக்குக் கோயில் அது. படிக்கட்டின் இருபுறமும் அடியில் மற்போர் வீரர் இருவர், அவர்களுக்கு மேலே யானைகள், அதற்கு மேலே சிங்கங்கள், பிறகு பறவைத்தலைச் சிங்கங்கள், உச்சியில் இரண்டு தேவியர். ஒவ்வொரு நிலையில் இருப்பவரும் கீழே இருப்பவரைவிடப் பத்து மடங்கு வலிமையுடையவர் என்பது ஊரார் நம்பிக்கை. நான் சென்றிருந்த மாலையில் நாலாவது படிநிலையில் ஒரு பாட்டி பேத்திக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் சிறு மண்சட்டிகளில் உறைந்த தயிரை விற்றார். 'ஜூஜு தௌ' என்பார்கள், தயிர்களின் அரசன் என்று பொருள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி. மண்ணின் வாசம் ஏறிய இனிப்பு. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அடுத்த நாள் காலையில் சாங்கு நாராயண் குன்றுக்குச் செல்லுங்கள். பக்தபூரிலிருந்து அரை மணி நேரம்தான். அங்கே மானதேவர் என்ற லிச்சவி மன்னரின் கி.பி. 464ஆம் ஆண்டுத் தூண் கல்வெட்டு இருக்கிறது. வரலாற்று ஆசிரியர் ஒருவர் அதன் முன்னால் நின்றுவிட்டால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். பெருமாள் கோயிலும் ஆதலால் அம்மாவுக்கும் அங்கே நேரம் போதாது.

பிறகு பாடனுக்கு ஒரு முழு நாள். அங்கே 1637இல் சித்தி நரசிங்க மல்லர் கட்டிய கிருஷ்ணர் கோயில் முழுவதும் கல்லால் ஆனது. செங்கல்லும் மரமுமாய் அடுக்கடுக்காகக் கூரை வேய்ந்த கோயில்களுக்கு நடுவில் வேற்றூர்க்காரர்போல நிற்கும். பழைய அரண்மனைக்குள் அமைந்திருக்கும் அருங்காட்சியகம் நான் பார்த்தவற்றுள் மிக நல்லவற்றுள் ஒன்று. உலோகத் திருமேனியை மெழுகு வார்ப்பில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் படிப்படியாக வைத்துக் காட்டியிருக்கிறார்கள். சுவாமிமலையில் அந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு இது தனி மகிழ்ச்சி.

சித்வானை விட்டுவிடுங்கள். காண்டாமிருகம் அருமையானதுதான். ஆனால் இந்தப் பயணம் அதற்கானது அல்ல.

வைகைக்கரை:

முக்திநாத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். என் பெற்றோரை அழைத்துச் சென்று சிரமப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஒரே நாளில் சென்று திரும்பும் திட்டம் வேண்டவே வேண்டாம். பொக்காரா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 820 மீட்டர் உயரம். ஜோம்சோம் 2,700 மீட்டருக்கும் மேல். விமானம் இருபது நிமிடத்தில் அங்கே இறக்கிவிடும். அங்கிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் 3,700 மீட்டரைத் தாண்டிய முக்திநாத். உடம்புக்கு இந்த ஏற்றம் புரியவே நேரமிராது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போனால் உயரநோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். அவை தோன்றினால் மேலே ஏறக்கூடாது. கூடினால் உடனே கீழே இறங்கவேண்டும். ஆகவே ஜோம்சோமிலோ, பக்கத்திலே ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த மார்பா கிராமத்திலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் மேலே சென்று சேவித்துவிட்டு, மாலைக்குள் இறங்கிவிடுங்கள். உயர ஏற்றத்துக்கான மாத்திரை அம்மாவுக்குத் தேவையா என்பதைக் கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, காற்று. அன்னபூர்ணா (8,091 மீட்டர்), தௌளகிரி (8,167 மீட்டர்) என்ற இரண்டு பெருமலைகளுக்கு நடுவில் காளி கண்டகி ஆறு அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் அந்தச் சிறு விமானம் போகும். வெயில் ஏற ஏற வடக்கே இருக்கும் உயர்ந்த மேட்டுநிலம் சூடாகித் தெற்கிலிருந்து காற்றை இழுக்கும். முற்பகல் கழிவதற்குள் அந்த இடுக்கில் பலத்த காற்று எழுந்துவிடும். அதனால் ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும்; மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. நாங்கள் சென்றபோது இரண்டு நாள் தொடர்ந்து விமானம் ரத்தானது. எங்கள் பயண ஏற்பாட்டாளர் மாற்று ஏற்பாடு எதையும் சொல்லாமல் கைவிரித்துவிட்டார். கடைசியில் பேனி, தாதோபானி வழியாக ஜீப்பில் ஒரு முழு நாள் குலுங்கிச் சென்றோம். அம்மா முதுகுவலியோடு போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பும் விமானத்தையும் தவறவிட்டோம். ஆகவே திரும்பும் வழியில் பொக்காராவில் ஒரு நாளை வெறுமையாக வைத்திருங்கள். எல்லாம் சரியாக நடந்தால் அந்த நாளில் பேவா ஏரியில் படகில் போகலாம். நடக்காவிட்டால் அந்த நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு மேட்டில் நடக்கவேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்குக் குதிரை கிடைக்கும். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள் இருக்கின்றன. தண்ணீர் பனிக்கட்டியாய் இருக்கும். ஆவலில் முழுவதும் நனைந்துவிடாமல், தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். திருமங்கையாழ்வார் பாடிய அந்தப் பெருமாளைப் பௌத்தர்களும் தங்கள் தெய்வமாக வணங்குகிறார்கள்; சந்நிதியில் பௌத்தப் பிக்குணிகளும் தொண்டு செய்வதைப் பார்க்கலாம். என் அம்மா பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பிக்குணி அவர் முடிக்கும்வரை கைகூப்பி நின்று, பிறகு தீர்த்தம் கொடுத்தார். குலுங்கி வந்த வலியை அம்மா அதன்பின் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

செந்நெல்:

ஆவணம் பற்றி: இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்ல, செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். பதினைந்து முதல் அறுபத்தைந்து வயது வரை ஆதார் செல்லாது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் வயதையும் அடையாளத்தையும் காட்டும் பிற அட்டைகளை ஏற்கிறார்கள். எனவே அப்பாவுக்கு ஆதார் போதும். அம்மாவுக்கு வாக்காளர் அட்டையின் அசல் கட்டாயம். அதில் இருக்கும் பெயரும் விமானச்சீட்டில் இருக்கும் பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒத்திருக்கிறதா என்று சீட்டு எடுக்குமுன் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் பெரும்பாலான சிக்கல் அங்கேதான் வருகிறது.

பணம்: இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம். நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துச் செல்லுங்கள். கடைகளில் தயங்காமல் வாங்குவார்கள். நினைவுச்சின்னங்களுக்கு இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு; நுழைவிடத்தில் அட்டையைக் காட்டவேண்டும். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவையுங்கள். தில்லியிலிருந்து செல்லும்போது விமானத்தின் இடப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். தெளிவான நாளில் பனிமலைத் தொடர் அந்தப் பக்கம்தான் தெரியும்.

பொக்காராவுக்கு நான் சாலையைத்தான் சொல்வேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ஏழு எட்டு மணி நேரம் ஆகும். ஆனால் வழியில் தும்ரே என்ற இடத்தில் திரும்பி மேலே ஏறினால் பந்திபூர் வரும். பக்தபூரிலிருந்து நேவார் இன வணிகர்கள் குடியேறி வளர்த்த ஊர். நெடுஞ்சாலை கீழே போடப்பட்டதும் வணிகம் இறங்கிப் போய்விட, ஊர் அப்படியே நின்றுவிட்டது. கடைத்தெருவில் வண்டிகளுக்கு இடமில்லை. அப்பாவுக்கு இது பிடிக்கும்.

மலைச்சாரல்:

செந்நெல் அவர்கள் சொல்லும் பந்திபூர் எனக்கும் மிகப் பிடித்த ஊர். ஆயினும் மூட்டுவலியுள்ள அம்மாவும் முக்திநாத் ஏற்றமும் இருக்கும்போது, போகும்போது விமானத்தில் 25 நிமிடத்தில் பொக்காரா சேர்ந்துவிட்டு, உடல்நிலை நன்றாக இருந்தால் திரும்பும்போது சாலையில் வந்து பந்திபூரில் ஓர் இரவு தங்குவதே சரி என்பது என் கருத்து.

கொங்குநாடன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்துவந்தார். அதில் அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, தலைப்பெழுத்தாக இல்லை; சீட்டை அதன்படியே எடுப்பேன். சித்வானை நீக்கிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மிச்சம். அசோகரின் தூண் இருக்கும் லும்பினியை விடுவதற்கு அப்பாவுக்கு மனம் வரவில்லை. 2015 நிலநடுக்கத்தில் இடிந்தவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்றும் கேட்கிறார்.

மலைச்சாரல்:

லும்பினி இந்திய எல்லையை ஒட்டியது. கோரக்பூர் வரை ரயிலில் சென்று சுனௌலி வழியாக எளிதாகப் போகலாம். சாரநாத், குசிநகரோடு சேர்த்துத் தனிப் பயணமாக வையுங்கள். அதுவே அந்த இடத்துக்கு உரிய மரியாதை.

நிலநடுக்கம் பற்றி: 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிகழ்ந்த அதிர்வில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். ஞாதபோல நின்றது, பக்தபூரின் வத்சலா கோயில் கல் கல்லாகச் சரிந்தது. காத்மாண்டு என்ற பெயருக்கே மூலமான காஷ்ட மண்டபம், அதாவது மரமண்டபம், தரைமட்டமாயிற்று. அதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள், 12ஆம் நூற்றாண்டினது என்று கருதப்பட்ட கட்டடத்தின் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டுக்குப் போவதைக் கண்டார்கள். நடுத்தூண்கள் நான்கில் ஒன்று, பழைய பழுதுபார்ப்பு ஒன்றின்போது, அடிக்கல்லோடு சரியாகப் பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்ததும் தெரியவந்தது. இப்போது உள்ளூர் மக்களும் தச்சர்களும் முன்னின்று பழைய முறையிலேயே அதைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். வத்சலா கோயிலும் எழுந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லுங்கள், புது மரம் வெளிர் நிறமாகவும் பழைய மரம் கருத்தும் இருக்கும். ஒரே சன்னலில் பழைய துண்டும் புதிய துண்டும் இணைந்திருப்பதைச் சில இடங்களில் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். ஒரு சிறிய கைவிளக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளின் செதுக்கல்கள் நண்பகலிலும் நிழலில்தான் இருக்கும்.