யாழ்ப்பாணத்தில் வாடிக்கையாளரை மதிக்கும் வங்கி எது? வங்கி மாற்ற ஆலோசனை வேண்டும்

கொக்குவில் வாசி:

வணக்கம். நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். யாழ் நகரத்திலுள்ள ஒரு தனியார் வங்கிக் கிளையில் 20 வருடங்களுக்கு மேலாகக் கணக்கு வைத்திருக்கிறோம். வங்கியின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. அவர்களோடு சண்டை பிடிப்பது என் நோக்கம் அன்று. வேறு இடம் தேடுவதுதான் நோக்கம்.

கனடாவிலுள்ள மகன் கடந்த ஆவணியில் எங்கள் வீட்டுக் கூரை வேலைக்காகக் காசு அனுப்பினான். ஒன்பது நாட்களாகியும் அது கணக்கில் விழவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டபோது, "கொழும்பில் நிற்கிறது, அங்கேதான் கேட்க வேண்டும்" என்றார்கள். தலைமையகத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால், தமிழ் பேசும் உத்தியோகத்தர் இப்போது இல்லை, பிறகு எடுங்கள் என்று பதில் வந்தது. நான்காவது தடவை கிளைக்குப் போன பிறகுதான், என் கணக்கில் தகப்பனாரின் பெயர் முதலெழுத்தாக இருப்பதும், மகன் அதை முழுப் பெயராக எழுதி அனுப்பியதுமே காரணம் என்று தெரிய வந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்று மாலையே கொடுத்திருப்பேன். கூரை வேலைக்கு வந்த ஆட்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பியதுதான் மிச்சம்.

இரண்டாவது விடயம் நிலையான வைப்புப் பற்றியது. முதிர்வுத் திகதி கடந்ததும், எங்களைக் கேட்காமலே இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். வட்டியில் வரி பிடித்ததையும் புத்தகம் பதிவு செய்தபோதுதான் கண்டேன். கேட்டதற்கு, "படிவத்தில் நீங்கள் கையொப்பம் வைத்திருக்கிறீர்கள், ஐயா" என்றார்கள். வைத்தது உண்மைதான். ஆங்கிலத்தில் நான்கு பக்கம் நெருக்கி அச்சடித்த படிவம் அது.

கூடுதல் வட்டியோ பரிசுக் குலுக்கலோ எங்களுக்குத் தேவையில்லை. கருமபீடத்தில் நிற்பவர் தமிழில் மரியாதையாக விளக்க வேண்டும், ஒரு பிரச்சினை வந்தால் அதை யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான். அரச வங்கிக்குப் போவதா, வேறொரு தனியார் வங்கிக்குப் போவதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வேலணை மகள்:

ஐயா, எங்கள் அம்மாவுக்காக நாங்களும் இதே கேள்வியைக் கேட்டு அலைந்தோம். நகரத்திலிருந்த குளிரூட்டிய கிளையை விட்டுவிட்டு, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் அரச வங்கிக் கிளைக்கு மாறினோம். அங்கே வரிசை நீளம். மின்சாரம் நின்றால் வேலையும் நின்றுவிடும். ஆனாலும் அம்மாவைக் கண்டவுடன் கதிரை காட்டி இருத்துகிறார்கள், மூக்குக் கண்ணாடி கொண்டுபோக மறந்த நாளில் படிவத்தை நிரப்பித் தந்து வாசித்தும் காட்டுகிறார்கள். பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருந்து, பிற்பகல் மூன்று மணிக்குள் வேலை முடியாமல் திரும்பி வருவதைவிட இது எங்களுக்கு ஆறுதல். கொக்குவிலில் இருக்கும் உங்களுக்குத் தூரம் ஒரு பெரிய விடயமாக இருக்காது. ஆனால் இன்னும் பத்து வருடத்தில் அதுவே பெரிய விடயமாகிவிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

முன்னாள் கருமபீடம்:

ஒரு வங்கியில் 31 வருடங்கள் பணிபுரிந்து, அவற்றில் பாதியை வடமாகாணக் கிளைகளில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "எந்த வங்கி நல்லது" என்று கேட்பதை விட்டு "எந்தக் கிளை நல்லது" என்று கேளுங்கள். ஒரே வங்கியின் சுன்னாகக் கிளையில் ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதே வங்கியின் நகரக் கிளையில் தலை நிமிர்த்திப் பார்க்கவும் மாட்டார்கள். இரண்டையும் நான் உள்ளே இருந்து கண்டிருக்கிறேன், வெட்கத்தோடு சொன்னால், இரண்டு மாதிரியும் நானே நடந்துமிருக்கிறேன்.

பெயர்ப் பிரச்சினையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய வங்கிக்குப் போனாலும் அது உங்களோடு கூடவே வரும். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் முதலெழுத்தாக நிற்கிறது. கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயர் என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் பெறுநரின் பெயர் கணக்குத் தலைப்போடு பொருந்தாவிட்டால், தலைமையகத்தில் அதைப் பரிசீலிக்கும் பிரிவு தடுத்து வைக்கும். அதை விடுவிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிளைக்கு இல்லை, ஆகவே "கொழும்பில் நிற்கிறது" என்று உங்களுக்குச் சொன்னது பொய்யன்று. ஆனால் ஏன் நிற்கிறது என்று கணினியில் பார்த்து, என்ன பத்திரம் தேவை என்று முதல் நாளே கேட்டு, அதை வாங்கி அனுப்பி வைப்பது கிளையின் வேலை. அதைச் செய்யாததுதான் பிழை. புதிய கணக்குத் திறக்கும்போது, கணக்குத் தலைப்பு ஆங்கில எழுத்துகளில் எப்படிப் பதியப்படுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே அவர் எழுதட்டும். சத்தியக் கடதாசியின் பிரதியையும் புதிய கிளையின் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மகன் அனுப்புவதை உடனே ரூபாவாக மாற்றத் தேவையில்லை என்றால், தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு, பழைய வதியாதோர் வெளிநாட்டு நாணயக் கணக்குகளின் இடத்தை இந்தக் கணக்குகளே எடுத்துக்கொண்டன.

வரியைப் பற்றி: வைப்பு வட்டியில் பிடிக்கப்படும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூட்டப்பட்டது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத ஒருவர், சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கிக்குக் கொடுத்து இந்தப் பிடிப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். வரி வருடம் ஏப்ரலில் தொடங்குவதால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு இதை ஞாபகப்படுத்துகிறார்களா என்பதே ஒரு கிளையை அளக்க நல்ல அளவுகோல். நீங்கள் கணக்குத் திறக்கும் முன்பே, "எங்கள் இருவருக்கும் வட்டியில் வரி பிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். படிவத்தை எடுத்துத் தந்து விளக்குகிறவர் இருக்கும் கிளையில் கணக்கைத் திறக்கலாம். "அது எல்லோருக்கும் பிடிப்பதுதான்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கேள்வியை ஆறுதலான ஒரு நாளில் கேட்காதீர்கள். போயா விடுமுறைக்கு மறுநாள், அல்லது சம்பளம் விழும் நாளில் போய்க் கேளுங்கள். நெருக்கடியில் எப்படி நடக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

நிலையான வைப்பில் முதிர்வின்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி எப்போதும் இருக்கும். தானாகப் புதுப்பி, வட்டியை மட்டும் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பு, முழுவதையும் சேமிப்புக்கு மாற்று என்று மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். வெறுமையாக விட்டால் பெரும்பாலான இடங்களில் தானாகப் புதுப்பிப்பார்கள். 2022இன் கடைசியில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த காலத்தில் வைப்பிட்ட பலர், வட்டி சரிந்த பிறகு இந்த ஒரு வரியால் ஏமாந்தார்கள். ஆங்கிலப் படிவத்தில் கையொப்பம் வைத்ததற்காக நீங்கள் உங்களை நோக வேண்டியதில்லை. தமிழில் விளக்கம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை, வங்கி செய்யும் உபகாரம் அன்று. வங்கிகளுக்கான வாடிக்கையாளர் பட்டயத்தை மத்திய வங்கி 2011இலேயே வெளியிட்டது. 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்தன. படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லை என்றால், வாசித்து விளக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முதலில் கிளை முகாமையாளர், பிறகு வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். அந்த ஒன்பது நாட்களில் ஒரு கடிதம் எழுத்தில் கொடுத்திருந்தால், ஐந்தாம் நாளே காசு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். முத்திரையிட்ட கடிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டுமல்லவா?

சுன்னாகம் கடைக்காரன்:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கிளையைப் பார்த்து வங்கியைத் தெரிவு செய்வது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல முகாமையாளர் ஒருவரை நம்பித்தான் நானும் என் நடைமுறைக் கணக்கை ஒரு வங்கிக்கு மாற்றினேன். ஒன்றரை வருடத்தில் அவருக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்தது. அவருக்குப் பின் வந்தவருக்கு, நான் காலையில் மாற்றுக்காசு கேட்டு வருவதே பெரிய தொல்லையாகிவிட்டது. மனிதர்கள் மாறுவார்கள், கணினியும் விதியும் அங்கேயே இருக்கும். ஆகவே கைத்தொலைபேசிச் செயலி ஒழுங்காக வேலை செய்கிறதா, இரவு பத்து மணிக்கு வேறு வங்கிக்கு அனுப்பும் காசு உடனே போய்ச் சேருகிறதா, அட்டை தொலைந்தால் ஞாயிற்றுக்கிழமையிலும் தடுக்க முடியுமா என்பவற்றையே நான் பார்ப்பேன்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். 2023 ஆனிக் கடைசியில் அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடிக் கிடந்தபோது, சந்தையில் எத்தனை பேர் வைப்பு போய்விட்டது என்று பயந்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வைப்புகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விடயம். வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்குமே பொறுப்பு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. நானென்றால் பெரிய வைப்பை அரச பக்கத்தில் வைத்துவிட்டு, அன்றாடச் செலவுக்கும் மகன் அனுப்பும் காசுக்கும் வசதியான ஒரு தனியார் கணக்கை வைத்திருப்பேன். கூடுதல் வட்டி என்று நிதிக் கம்பனிகளின் விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகாதீர்கள். வங்கி வேறு, நிதிக் கம்பனி வேறு.

முன்னாள் கருமபீடம்:

கடைக்காரத் தம்பி சொல்வது வியாபாரிக்குச் சரி. நாளுக்கு இருபது கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்குச் செயலிதான் கிளை. ஆனால் எழுபது வயதில் கைத்தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் கடவுச்சொல்லை யாரோ அழைத்துக் கேட்டால் சொல்லிவிடக் கூடியவர்களுக்கு, முகம் தெரிந்த ஒருவர் இருப்பது பாதுகாப்பு. முகாமையாளருக்கு இடமாற்றம் வரும் என்பது உண்மையே. அதனால்தான் முகாமையாளரைப் பார்க்காமல், கருமபீடத்திலும் நிலையான வைப்பு மேசையிலும் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் பெரும்பாலும் உள்ளூரவர்கள். இரண்டு வங்கிகளாகப் பிரித்து வைக்கும் யோசனையை நானும் ஏற்கிறேன்.

கொக்குவில் வாசி:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. இந்தக் கிழமை மனைவியோடு மூன்று கிளைகளுக்குப் போய் அந்த வரிக் கேள்வியைக் கேட்டோம். ஓரிடத்தில், "அது கொழும்பு பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனைவி என் முகத்தைப் பார்த்தா. இன்னோரிடத்தில் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். மூன்றாவது ஒரு அரச வங்கியின் சிறிய கிளை. கருமபீடத்துப் பிள்ளைக்கு விடை தெரியவில்லை. ஆனால் எழுந்து உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, படிவத்தையும் தந்து, எந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று பென்சிலால் அடையாளமும் போட்டுத் தந்தா. எங்கள் வைப்பை அங்கே கொண்டுபோவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் இருவரின் ஓய்வூதியமும் பழைய கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கை உடனே மூடலாமா?

முன்னாள் கருமபீடம்:

உடனே மூடாதீர்கள். முதலில் உங்கள் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில், புதிய வங்கிக் கிளைக்கு ஓய்வூதியத்தை மாற்றலாமா என்று உறுதிப்படுத்தி, கணக்குப் புத்தகத்தின் பிரதியோடு இருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுங்கள். ஓய்வூதியம் புதிய கணக்கில் இரண்டு மாதம் தொடர்ந்து விழுந்த பிறகு பழையதை மூடலாம். தற்போதுள்ள நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். ஆகவே முதிர்வில் சேமிப்புக்கு மாற்றும்படி இன்றே எழுத்தில் கொடுத்துவையுங்கள். பிரதியில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.