மிதி பம்பா, ஆயில் இன்ஜினா? முதலில் கயிறு விட்டு அளங்க

காவேரிப்பட்டணத்திலிருந்து:

தண்ணீர் இறைக்க மிதி பம்பு (காலால் மிதித்துத் தண்ணீரை உறிஞ்சும் பம்பு) நல்லதா, டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின் நல்லதா என்ற கேள்வி வந்தால் டீசல் விலையை வைத்தே எல்லோரும் பேசுறோம். அதற்கு முன்னாடி ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பு நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளங்க. சித்திரை மாதத்தில் அளக்கணும், ஐப்பசியில் அளந்து ஏமாறக் கூடாது. 6 மீட்டருக்குள் இருந்தால் மிதி பம்பைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் கீழே போனால் பேச்சே வேண்டாம். உறிஞ்சும் பம்பு எதுவானாலும் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான். கடல் மட்டத்திலேயே அதன் எல்லை 10.3 மீட்டர். ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கணக்குப்படி 9.3, கசிவும் உராய்வும் போகக் கைக்குக் கிடைப்பது 6 தான். இன்ஜின் பம்புக்கும் இதே விதிதான். குதிரைத்திறனைக் கூட்டினாலும் உறிஞ்சும் ஆழம் கூடாது.

மிதி பம்பு 1980களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் வந்தது. அங்கே வண்டல் மண், சில மீட்டரிலேயே தண்ணீர், மலிவாக மூங்கில். நம் பாறைக் கிணற்றில் அது எடுபடாது. ஏரிக்கரை, தென்பெண்ணை ஓரம், கால்வாய்க் கடைமடை, பண்ணைக் குட்டை, இங்கேதான் அதற்கு வேலை.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா சொன்னதோடு ஒரு கணக்கு. ஓர் ஆள் விடாமல் மிதித்தால் கிடைப்பது சுமார் 75 வாட். பாதி வீணாகும். குட்டைத் தண்ணீர் 3 மீட்டர் கீழே, தொட்டி 2 மீட்டர் மேலே, மொத்தம் 5 மீட்டர் ஏற்றம் என்றால் நிமிடத்துக்கு 45 லிட்டர் வரும். தக்காளிக்குக் கோடையில் நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர். 25 சென்ட்டுக்கு 5,000 லிட்டர், இரண்டு மணி நேர மிதி. இரண்டு பேர் மாறி மாறி மிதித்தால் கால் தாங்கும். ஒரு ஏக்கர் என்றால் எட்டு மணி நேரம், அது நடக்கிற காரியமில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த 5,000 லிட்டரை 5 எச்.பி. இன்ஜின் பத்து நிமிடத்தில் இறைத்துவிடும், கால் லிட்டர் டீசல்கூட ஆகாது. அதனால் டீசல் மிச்சம் என்று சொல்லி மிதி பம்பு வாங்காதீங்க. சொந்த இன்ஜின் இல்லாமல், பத்து நிமிட வேலைக்கும் ஒரு மணி நேர வாடகை கொடுப்பவருக்குத்தான் அது லாபம்.

தண்ணீர் ஏறவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை உறிஞ்சு குழாயின் இணைப்பில்தான் கோளாறு. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. புட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) போட்டுக் குழாய் முழுக்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி விடுங்க, ஓட்டை தானாகச் சொட்டிக் காட்டும். மட்டம் இறங்கியும் வெளியே ஈரமே இல்லை என்றால் புட்வால்வின் வாயில் மணலோ இலையோ சிக்கியிருக்கு.

போச்சம்பள்ளியிலிருந்து:

இன்ஜின் பக்கமும் சொல்லணும். 20-க்கு 20 அடிக் கிணற்றில் ஒரு மீட்டர் தண்ணீர் என்பது 37,000 லிட்டர். 5 எச்.பி. இன்ஜின் 15 மீட்டர் ஏற்றத்தில் வினாடிக்கு 10 லிட்டர் எடுக்கும். அதாவது மணிக்கு ஒரு மீட்டர் இறங்கும். ஊற்று வினாடிக்கு ஒரு லிட்டர்தான் என்றால், இறைத்த நேரத்தைப் போல ஒன்பது மடங்கு நேரம் காத்திருக்கணும். தெரியாமல் ஓட்டினால் பம்பு வெறும் காற்றை இழுத்து கிளாண்ட் பேக்கிங் (பம்பின் சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் திரி) கருகும். ஊற்றுக்கு ஏற்ற சின்ன பம்பு போதும், பெரிசு கௌரவத்துக்குத்தான்.

தண்ணீரைக் குறைக்க வேகத்தைக் குறைப்பவர்கள் கவனிக்கணும். வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 1200-க்கு இறங்கினால், 20 மீட்டர் தள்ளும் பம்பு 13 மீட்டரோடு நின்றுவிடும். கிணறு ஆழமானால் டீசல் மட்டும் எரியும், வாய்மடையில் சொட்டுத் தண்ணீர் வராது.

இன்னொன்று, உயிர் விஷயம். மட்டம் 6 மீட்டருக்குக் கீழே போனதும் இன்ஜினைக் கிணற்றுப் படிக்கட்டில் இறக்கி ஓட்டுவாங்க. செய்யாதீங்க. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, மேலே ஏறுவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். முதல் ஆள் விழுந்தால் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். அந்த ஆழத்துக்கு நீர்மூழ்கி மோட்டார்தான்.

பாலக்கோட்டிலிருந்து, திரும்பவும்:

மிதி பம்பின் தோல் வாஷர் (சிலிண்டருக்குள் கசிவில்லாமல் அடைக்கும் தோல் வளையம்) பற்றிக் கேட்டாங்க. புதுசை அப்படியே போட்டால் சிலிண்டரில் பிடிக்காது. ஒரு ராத்திரி ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்துப் போடுங்க. பத்து நாள் மிதிக்காமல் விட்டால் தோல் காய்ந்து சுருங்கிவிடும், அப்போது சிலிண்டர் மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுட்டு மிதிங்க. கலங்கல் தண்ணீரில் புட்வால்வை அடிச்சேற்றில் வைக்காமல், ஒரு கூடைக்குள் வைத்து அடியிலிருந்து ஒரு அடி மேலே தொங்கவிடணும். இல்லையென்றால் மணல் போய் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும், அப்புறம் எந்த வாஷர் போட்டாலும் தண்ணீர் நிற்காது.